கொசுறு

அக்காவுக்குக் காது கூர்மை. அது கொஞ்சம் மந்தமாக இருந்து தொலைத்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. மலையில் இன்றைக்கும் பறவைகள் பாடிக்கொண்டிருக்கும்.

படியேறும் செருப்புச் சத்தத்தை வைத்தே வருவது யார், என்ன எரிச்சலில் வருகிறார் என்று சொல்லிவிடுவாள். மாடிவீட்டில் தம்பியும் அவன் மனைவியும் குசுகுசுவென்று பேசிக்கொள்வதுகூடக் கீழ்வீட்டில் அவள் காதில் விழுந்துவிடும். அண்ணிக்குச் சுவரெல்லாம் சொந்தக்காரங்க என்று தம்பியின் மனைவி கேலி செய்வாள். அதுவும் கீழே கேட்டுவிடும். மறுநாள் காலை அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, சுவர் எல்லாம் நலமா என்று விசாரிப்பாள்.

அக்கா வேலை பார்த்தது மலையடிவாரத்துப் பறவை வளர்ப்பு நிலையத்தில். அதே வளாகத்தில் புல்வெளிக்கு எதிர்ப்புறம், மரபணு ஆய்வுக்கூடம் என்று பலகை மாட்டிய இரண்டு அறைகள் தம்பியுடையவை. அவன் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அக்கா எல்லார் முன்னாலும், தம்பி சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டாள். போச்சு. அன்றிலிருந்து இயக்குநர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் அவன் தம்பிதான். முன்தலையில் முடி கொட்டி, மூக்குக்கண்ணாடியும் ஏறிய பிறகும் அது மாறவில்லை.

நிலையம் இருந்ததே ஒரே ஒரு பறவைக்காக. சாம்பல்வால் என்று பெயர். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பாட்டுப் பறவை. அந்த ஒரு மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அதற்கு நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு, வெண்வால். அது ஊரெல்லாம் உண்டு. மின்கம்பியில், பேருந்து நிறுத்தத்துக் கூரையில், ஆஸ்பத்திரி ஜன்னல் விளிம்பில், எங்கே பார்த்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை என்று சொல்வோமே, அந்த அளவு உறவு.

அக்கா வேலைக்கு வந்த காலத்தில் மலையில் சாம்பல்வால்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்திருந்தன. அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். கூட்டிலிருந்து முட்டையை எடுத்துவிட்டால் சாம்பல்வால் சளைக்காமல் மறுபடி முட்டையிடும். எடுத்த முட்டையை அக்கா அடிவாரத்து வெண்வாலின் கூட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவாள். வெண்வால் ஒரு ஏமாளி. தன் பிள்ளை என்று நினைத்து அடைகாத்து, ஊட்டி வளர்த்து ஆளாக்கிவிடும். இப்படித் தத்துக் கொடுத்துக் கொடுத்தே அக்கா அந்த இனத்தைக் கரையேற்றினாள். மலை மறுபடி நிறைந்தது. ஒவ்வொரு குஞ்சையும் தன் கையாலேயே பிடித்து, காலில் வண்ண வளையம் மாட்டினாள். கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் அவள் அடம்பிடித்தபோது அப்பா, பறவையோடயா குடும்பம் நடத்தப் போற என்று கத்தினார். ஆமாம் என்றாள். அப்படியே நடத்தவும் செய்தாள்.

ஆபத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு குடும்பத்தை மட்டும் நிலையத்தின் பின்கட்டில், வலையடித்த பெரிய கூண்டில் வளர்த்தார்கள். தத்துக் கொடுக்கும் வேலையெல்லாம் தொடங்குவதற்கு முன்பே மலையிலிருந்து பிடித்து வந்த குடும்பம் அது. அதில் கடைசியாக மிஞ்சியது ஒரு ஜோடி. ஆணுக்கு மாப்பிள்ளை என்றும் பெண்ணுக்குச் சீமாட்டி என்றும் அக்கா பெயர் வைத்திருந்தாள்.

அந்த வருஷம் மழை விட்டதும் மலைக்குப் போய்த் திரும்பிய அக்கா, நேராகத் தம்பியின் அறைக்கு வந்தாள். சேறு ஒட்டிய செருப்போடு உள்ளே வரக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அன்றைக்கு அவளே அதை மறந்திருந்தாள். உச்சிக்குப் போகும் பாதையில் ஓர் ஆண் பாடினானாம். மூன்று சொட்டு, பிறகு ஒரு நீண்ட இழுப்பு, அதோடு சாம்பல்வாலின் பாட்டு முடிய வேண்டும். இவனுக்கு முடியவில்லை. கடைசியில் ஒரு சின்னச் சுழிப்பு சுழித்து மேலே ஏற்றிவிட்டு நிறுத்தினானாம். அந்தச் சுழிப்பு தெருவில் உட்கார்ந்து கத்தும் வெண்வாலுடையது.

"பாட்டு முடிஞ்சப்புறம் கொசுறு போடறான்டா."

தம்பி சிரித்தான். வளர்த்தவர்களிடம் கேட்டுத்தானே பறவை பாடக் கற்கிறது, வெண்வால் வீட்டில் வளர்ந்த பிள்ளை வாயில் அந்த வீட்டுப் பேச்சு ஒட்டத்தானே செய்யும், இதில் என்ன இருக்கிறது என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதோடு விட்டிருக்கலாம்.

அக்கா விடவில்லை. "பாட்டை மட்டுமா அங்க கத்துக்கும்? யாரைக் கட்டிக்கணும்னும் அங்கதானே கத்துக்கும்?" என்றாள்.

அவள் கேட்டதிலும் தப்பில்லை. வேற்றினத்தின் கூட்டில் வளர்ந்த குஞ்சு, வளர்ந்த பிறகு அந்த இனத்திலேயே ஜோடி தேடிப் போவது நடக்கக்கூடிய காரியம்தான். அப்படிப் போயிருந்தால் மலையில் இருப்பது சாம்பல்வால் இல்லை, கலப்பு. இன்னும் கொஞ்ச காலத்தில் சாம்பல்வால் என்று ஒன்று இருக்காது, வெண்வால் மட்டும்தான் இருக்கும். அதுவும் அக்காவின் கைவேலையால்.  சோதனை செய்து பார்த்துவிடுவோம் என்றான் தம்பி.

சோதனை என்ன என்பதை இங்கே கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பறவையின் ஒரு சின்ன இறகைப் பிடுங்கினால் அதன் அடியில் துளி ரத்தம் ஒட்டியிருக்கும். அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, எந்திரத்தில் சூடாக்கி ஆறவைத்துப் பெருக்கி, எழுத்து எழுத்தாகப் படிக்கலாம். நெருங்கிய சொந்தம் என்பதால் இரண்டு இனத்துக்கும் பெரும்பாலான எழுத்துகள் ஒன்றேதான். வேறுபடும் இடங்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, அந்த இடங்களில் மலைப் பறவையிடம் யாருடைய எழுத்து இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சரி, சாம்பல்வாலின் எழுத்து இதுதான் என்று யாரை வைத்துச் சொல்வது? வெண்வாலின் நிழல்கூடப் படாத, சந்தேகத்துக்கே இடமில்லாத சாம்பல்வால் ஒன்று வேண்டுமே. தம்பி ரொம்பத் தேடவில்லை. பின்கட்டில்தான் இருக்கிறார்களே மாப்பிள்ளையும் சீமாட்டியும். அந்த இரண்டையும் அளவுகோலாக வைத்துக்கொண்டான்.

இன்னொரு வழியும் இருந்தது. கடல் தாண்டி ஓர் அருங்காட்சியகத்தில், நூறு வருஷத்துக்கும் முன்னால் இதே மலையில் சுட்டுப் பாடம் செய்த சாம்பல்வால்கள் இழுப்பறையில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் உள்ளங்காலிலிருந்து துளி தோல் கீறி அனுப்பச் சொல்லி முறையாக விண்ணப்பம் போட்டிருந்தான். அருங்காட்சியகம் அவ்வளவு சீக்கிரம் அசையுமா? அங்கே செத்தவர்களே அவசரப்படுவதில்லை, இருப்பவர்கள் ஏன் அவசரப்பட வேண்டும்?

முடிவு வந்தது. மலையில் பிடித்து இறகு எடுத்த அத்தனை பறவையிலும் வெண்வாலின் எழுத்து இருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

ஒரு விஷயம் தம்பியின் கண்ணில் பட்டது. படவில்லை என்று பின்னால் அவனாலேயே சொல்ல முடியவில்லை. எல்லாவற்றிலும் வெண்வாலின் பங்கு ஏறக்குறைய ஒரே அளவு இருந்தது. நேற்று முந்தாநாள் கலந்ததாக இருந்தால் ஒன்றில் பாதி இருக்கும், ஒன்றில் கால்வாசி இருக்கும், ஒன்றில் அறவே இருக்காது. ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல எல்லாம் எப்படி ஒரே அளவில் இருக்கும்? பேனா மூடியைக் கடித்தபடி யோசித்தான். அந்த அளவுக்குப் பரவிவிட்டது போலிருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டான். படித்த முட்டாளுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்?

அக்காவிடம் சொன்னபோது அவள் அழவில்லை. நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "நான்தான்டா குடியைக் கெடுத்தேன். ஒவ்வொரு முட்டையா என் கையாலயே கொண்டுபோய் வச்சேன்" என்றாள். அதற்குப் பிறகு எவ்வளவோ நாள் அவள் வாயில் வேறு பேச்சே இல்லை.

கூட்டம் நடந்தது. இயக்குநர் எதையும் கூட்டம் போட்டுத்தான் முடிவு செய்வார், தேநீர்க் கோப்பை மாற்றுவதாக இருந்தாலும். நல்ல மனிதர். அவர் முன்னால் இருந்தது இதுதான். கலப்புப் பறவைகள் மலையை நிறைத்துக்கொண்டிருக்கும்வரை சுத்தமான குஞ்சுகளை அங்கே விட முடியாது. விட்டால் அவையும் கலந்துவிடும். மலையை முதலில் காலி செய்ய வேண்டும். பிறகு மாப்பிள்ளைக்கும் சீமாட்டிக்கும் பிறப்பதைக் கொண்டு புதிதாகத் தொடங்க வேண்டும். பிடித்துக் கூண்டில் போட்டு வைக்கலாமே என்று முயற்சியும் செய்து பார்த்தார்கள். மலையில் வளர்ந்த பறவை கூண்டில் இரை எடுக்காது. வலையில் மோதி மோதி, மூக்கு உடைந்து செத்துப்போயின. கூடு கட்டும் பருவம் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் தாமதித்தால் இன்னொரு தலைமுறை பிறந்துவிடும், அதையும் சேர்த்துக் கொல்ல வேண்டியிருக்கும் என்றாள் அக்கா.

இயக்குநர் மேசையைத் தடவிக்கொண்டிருந்தார். அந்த மியூசியத்துச் சாம்பிள் வரும்வரை பொறுக்க வேண்டாமா என்று தம்பியைக் கேட்டார். எல்லாரும் தம்பியைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள்.

"அது சும்மா ஒரு சம்பிரதாயம் சார். வந்தாலும் இதையேதான் சொல்லும்."

இந்த வார்த்தைகளைத்தான் அவன் சொன்னான். அவனுக்குத் தன் வேலையில் நம்பிக்கை. அக்கா ஒவ்வொரு நாளும் குற்றவாளி போல முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்பதும் உண்மை. சீக்கிரம் முடித்துவிட்டால் அவள் மூச்சு விடுவாள் என்று நினைத்தான்.

வீட்டில் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். அவள் வங்கியில் வேலை பார்ப்பவள், பறவைக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. கலந்தால்தான் என்ன, பறக்கிறது, பாடுகிறது, குஞ்சு பொரிக்கிறது, அப்புறம் அதற்கு என்ன குறை என்றாள். தம்பி ஒரு பெரிய பிரசங்கமே செய்தான். இனம், தூய்மை, எதிர்காலம் என்று எல்லாம் வந்தது. அவள் கொட்டாவியை மென்று விழுங்கிக்கொண்டு, சரி, உங்களுக்குத் தெரியாததா என்று படுக்கப் போய்விட்டாள்.

கொல்வதை அக்கா வேறு யாரிடமும் விடவில்லை. நான் வளையம் மாட்டினது, நானே கழட்டறேன் என்றாள். விடியற்காலையில் மலையில் மெல்லிய வலை கட்டுவார்கள். மாட்டியதைத் தம்பி துணிப்பையில் போட்டுக் கொடுப்பான். அடிவாரத்து அறையில் மூடி போட்ட சின்னப் பெட்டி ஒன்றில் வாயு வைத்திருந்தார்கள். வலி தெரியாது, தூங்குவது போலப் போய்விடும் என்று அதன் மேலே எழுதியிருந்தது. எழுதியவன் தூங்கிப் பார்த்துத்தான் எழுதினானா தெரியாது. அக்கா ஒவ்வொன்றையும் கையில் எடுத்து வளையத்தின் நிறத்தைப் பார்ப்பாள். இது பச்சை-மஞ்சள், இவ அம்மா அந்தப் பாறை இடுக்குல கட்டினவ என்பாள். பிறகு பெட்டியைத் திறப்பாள். முடிந்ததும் வளையத்தைக் கழற்றி மேசைமேல் ஒரு தம்ளரில் போடுவாள். தம்பியால் அந்த அறைக்குள் நிற்க முடியாது. ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவான். அக்கா போகவில்லை.

கடைசியாக மிஞ்சியவன் அந்தக் கொசுறு போடும் ஆண். வலை இருக்கும் இடம் அவனுக்குத் தெரிந்துவிட்டிருந்தது. நாள்கணக்கில் ஆட்டம் காட்டினான். பதிவு செய்த பாட்டை ஒலிபரப்பிப் பார்த்தார்கள், ஏமாறவில்லை. கடைசியில் அக்கா வலைக்குப் பின்னால் புதரோடு புதராக உட்கார்ந்து, தானே சீட்டியடித்தாள். அவளுக்கு அந்தப் பாட்டு தண்ணீர்பட்ட பாடு. மூன்று சொட்டு, ஒரு நீண்ட இழுப்பு. அதோடு நிறுத்தினாள்.

அவனுக்கு அந்தக் குரல் முட்டைக்குள் இருந்தபோதே தெரிந்த குரலோ என்னவோ. கிளை கிளையாக இறங்கி வந்தான். அவள் மறுபடி பாடினாள். அவள் விட்ட இடத்திலிருந்து கொசுறை எடுத்துப் பாடி முடித்துக்கொண்டே பறந்து வந்து வலையில் விழுந்தான். துணிப்பைக்குள் போட்ட பிறகும் ஒரு தடவை பாடினான்.  அக்கா பையை வாங்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அதன் பிறகு மலை ஊமையாகிவிட்டது. காற்று இருந்தது, தண்ணீர்ச் சத்தம் இருந்தது. அக்கா மலைப்பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

இனி எல்லாம் மாப்பிள்ளையும் சீமாட்டியும்தான். நிலையமே அந்த ஒரு கூண்டைச் சுற்றி வந்தது. சீமாட்டி முட்டையிட்டாள். எல்லாரும் இனிப்பு சாப்பிட்டார்கள். அக்கா சாப்பிடவில்லை, முட்டை பொரிக்கட்டும் என்றாள். சில நாள் கழித்து, திரை போட்டு இருட்டாக்கிய அறையில் ஒவ்வொரு முட்டையாக விளக்கின் முன்னால் பிடித்துப் பார்த்தாள். உயிர் இருந்தால் உள்ளே சிலந்தி வலை போலச் சிவப்பு நரம்பு ஓடும். ஒன்றிலும் ஓடவில்லை. அடுத்த முறை இட்டதில் ஒன்றில் நரம்பு ஓடி, பாதியில் நின்றுபோனது. அதற்கடுத்த முறை மறுபடி ஒன்றுமில்லை. முதல் பருவம்தானே, பழகிக்கொள்வார்கள் என்று இயக்குநர் எல்லாருக்கும் தைரியம் சொன்னார். யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அருங்காட்சியகத்திலிருந்து பொட்டலம் வந்தது. பஞ்சுக்குள் பொதிந்த சின்னச் சின்னக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் துளி தோல். மன்னிப்புக் கேட்டு ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது, பொறுப்பாளர் விடுமுறையில் போயிருந்தாராம். தம்பி அதை வேலையோடு வேலையாகத்தான் எடுத்தான். சம்பிரதாயம்தானே. பழைய டி.என்.ஏ. பொடிப்பொடியாக உடைந்திருக்கும், நம் தும்மல் பட்டால்கூடக் கெட்டுவிடும் என்பதால் தனி அறையில், முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்தான். முடிவைப் பார்த்தவன் கையுறையைக் கழற்ற மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

எங்கோ தப்பு நடந்திருக்கிறது என்று முதலில் இருந்து செய்தான். அதே முடிவு. வேறு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினான். அவர்களும் அதையே சொன்னார்கள்.

நூறு வருஷத்துக்கும் முன்னால் செத்த அந்தச் சாம்பல்வால்களிலும் வெண்வாலின் எழுத்து இருந்தது. மலையில் இருந்தவற்றில் எவ்வளவு இருந்ததோ அதே அளவு, அதே இடங்களில். அக்கா பிறப்பதற்கு முன்னால், அவளுடைய பாட்டனார் பிறப்பதற்கும் முன்னால். அந்தக் காலத்தில் இந்த ஊரே இல்லை, ஊர் இல்லாததால் அடிவாரத்தில் வெண்வாலும் இல்லை. அப்படியானால் இரண்டு இனமும் கலந்தது எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முன்னால். அந்தக் கலப்போடு சேர்ந்ததுதான் சாம்பல்வால். அதனால்தான் எல்லாவற்றிலும் ஒரே அளவு. பேனா மூடியைக் கடித்துக்கொண்டு பார்த்துவிட்டுத் தாண்டிப்போன அதே அளவு.

கூண்டு ஜோடியிடம் அது ஏன் இல்லை? ஒரே குடும்பத்துக்குள்ளேயே மாறி மாறிச் சம்பந்தம் செய்ததில் பரம்பரைச் சொத்தில் பாதி தொலைந்துபோயிருந்தது. வெண்வாலின் பங்கும் அதோடு போனது. இவன் அந்த ஏழ்மையைத் தூய்மை என்று நினைத்து அளவுகோலாக வைத்துக்கொண்டான். முட்டை பொரியாததற்கும் அந்த ஏழ்மைதான் காரணம். இனிமேலும் பொரியாது. தத்துப் பிள்ளைகள் யாரும் வெண்வாலோடு ஓடிப்போகவில்லை. சொந்த இனத்திலேயே ஜோடி சேர்ந்து, சொந்த மலையிலேயே குடித்தனம் செய்திருக்கின்றன. வளர்த்த வீட்டிலிருந்து எடுத்து வந்தது பாட்டில் அந்த ஒரு கொசுறு மட்டும்தான்.

தம்பி வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான். பேயறைந்த மாதிரி இருக்கீங்களே என்று மனைவி பதறினாள். அவளிடம் சொன்னான். சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். கீழே அக்கா பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.  நான் அன்னைக்கே கேட்டேனே என்று ஒரு வார்த்தை மனைவி சொல்லியிருக்கலாம். சொல்லாததுதான் அவனுக்கு அதிகமாகச் சுட்டது.

சொல்லாமல் விட்டுவிட்டால் என்ன என்று நினைத்தான். உலகத்துக்கு ஒன்றும் ஆகாது, செத்தது செத்ததுதான். ஆனால் அக்கா தன் கையாலேயே இனத்தைக் கெடுத்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறாள். எல்லா வருஷமும், எல்லா முட்டையும் பாவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அது பொய். அவள் செய்தது அத்தனையும் சரி. அதைச் சொல்லாமல் எப்படி இருப்பது? அதைச் சொன்னால் மற்றதையும் சொல்லித்தானே ஆக வேண்டும்? ஒரு கையால் பாரத்தை இறக்கி, மறு கையால் அதைவிடப் பெரியதை ஏற்றுவது. நாள்கள் போயின. அக்காவைக் கண்டால் எதிர்ப்பக்கம் நடந்தான்.

கடைசியில் அவளே கூப்பிட்டனுப்பினாள். விளக்கு அறையில் இருந்தாள். வெளியே பட்டப்பகல், உள்ளே திரையை இழுத்துவிட்டிருந்தாள். சீமாட்டி மறுபடி இட்டிருந்தாள். அக்கா ஒரு முட்டையை விரல்நுனியில் பிடித்து விளக்கில் காட்டினாள். மஞ்சளாக, வெறுமையாக ஒளிர்ந்தது. தண்ணி என்று சொல்லி அதைப் பஞ்சில் வைத்தாள். உன் நடையே சரியில்லை, பத்து நாளா வழுக்கி வழுக்கி நடக்கறே, என்னன்னு சொல்லு என்றாள். காது அப்படி.

அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். எழுத்து, அளவு, தோல், நூறு வருஷம். தான் கூட்டத்தில் சொன்ன வார்த்தையையும் சொன்னான்.  அவன் முடித்த பிறகு அவள் அடுத்த முட்டையை எடுத்து, விளக்கில் காட்டிப் பார்த்து, அதையும் பஞ்சில் வைத்தாள்.

"அப்போ நான் வச்ச முட்டை எல்லாம் சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான்க்கா இருந்துச்சு."

"மலையில இருந்ததுங்க?"

 "அதுங்கதான்க்கா சாம்பல்வால். அதுங்க மட்டும்தான்."

அவள் தலையை ஆட்டினாள். திட்டுவாள், அடிப்பாள், குறைந்தபட்சம் அழுவாள் என்று எதிர்பார்த்தான். ஏதாவது செய்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். சுவருக்கு அந்தப் பக்கம், பின்கட்டுக் கூண்டில் மாப்பிள்ளை பாட ஆரம்பித்தான். மூன்று சொட்டு, ஒரு நீண்ட இழுப்பு. ஒரு பிசிறு இல்லாமல், சுத்தமாக. பாடி நிறுத்தினான். அக்கா அதற்கு மேலும் ஏதோ வரும் என்பது போலக் காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். வரவில்லை.

"அந்தக் கொசுறு இல்லாம நல்லாவே இல்லடா" என்றாள்.

பத்து நாளுக்குப் பிறகு அன்றுதான் இருவரும் சேர்ந்து வீட்டுக்கு நடந்தார்கள். ஏன்தான் அந்த வழியாக நடந்தோம் என்று தம்பிக்குப் பிறகு தோன்றியது. வேறு எந்த வழியில் போயிருந்தாலும் அதேதான். நிலையத்து வாசலைத் தாண்டியதும் மின்கம்பியில் ஒரு வெண்வால். பேருந்து நிறுத்தத்துக் கூரையில் இரண்டு. கடைத்தெருப் பெயர்ப்பலகைகளில் வரிசையாக. ஒவ்வொன்றும் தன் பாட்டைக் கத்தி, கடைசியில் சுழித்து மேலே ஏற்றி நிறுத்தியது. தம்பிக்கு அதுவரை அது தெருச் சத்தத்தில் ஒன்று. அன்றைக்கு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்டது. அவனுக்கே அப்படி என்றால் அவளுக்கு எப்படி இருக்கும்? அவள் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள். தெரு முக்கில் திரும்பும்போது இரண்டு கையாலும் முந்தானையை இழுத்துக் காதோடு சேர்த்துப் பொத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வெயில் காலம், வீட்டுக்குள் இருக்க முடியாத புழுக்கம், கீழ்வீட்டில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. இடுக்குகளில் துணி செருகியிருந்ததைத் தம்பியின் மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். சாப்பாட்டை வாசலில் வைத்தால் எடுத்துக்கொள்கிறாள், கதவைத் திறப்பதில்லை என்றாள். தம்பி இறங்கிப் போய்க் கதவைத் தட்டினான்.  மறுபடி தட்டினான்.

"அக்கா, ஜன்னலையாவது திறந்து வை. புழுங்கிச் செத்துடப் போறே."

 கதவுக்குப் பக்கத்திலிருந்தே அவள் குரல் வந்தது.

"கேக்குதுடா."

தம்பி காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தெருமுனையில், கண்ணுக்கு எட்டிய கடைசிக் கம்பத்தில் ஒரு வெண்வால் உட்கார்ந்திருந்தது.